லொத்தேரியா வாங்கும் முன்: எந்தப் பெட்டி எந்த வீட்டுக்கு?

மெக்சிக்கோவிலும், எல்லைக்கு வடக்கே டெக்சாஸ், கலிபோர்னியாவிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் டிசம்பர் நெருங்கினால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பக்கத்து வீட்டில் விருந்து முடிந்ததும் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து லொத்தேரியா என்ற மெக்சிக்கோ படச்சீட்டு ஆட்டம் ஆடினார்கள். பிள்ளைகள் இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நாமும் ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால் அலமாரி நிறைய விதவிதமான பெட்டிகள். எதை எடுப்பது?

விலையையோ படத்தின் பளபளப்பையோ பார்த்து எடுக்காதீர்கள் என்பதே என் பதில். உங்கள் வீட்டில் சீட்டைச் சொல்லப்போவது யார் என்று முதலில் யோசியுங்கள். அது தெரிந்துவிட்டால் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்தது.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக: தம்போலா ஆடியவர்களுக்கு இது ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். எண்களுக்குப் பதில் படங்கள். 54 சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு படம், அதன் பெயர், வரிசை எண். 1 சேவல், 2 குட்டிச் சாத்தான், 3 சீமாட்டி என்று தொடங்கி 54 தவளையில் முடியும். ஆடுபவர் ஒவ்வொருவர் முன்னும், நான்குக்கு நான்காக 16 படங்கள் அச்சிட்ட ஓர் அட்டை இருக்கும். ஒருவர் கட்டைக் கலைத்து, மேலிருந்து ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிச் சொல்வார். அந்தப் படம் தங்கள் அட்டையில் இருப்பவர்கள் அதன்மேல் ஒரு பீன்ஸ் விதையையோ மக்காச்சோள மணியையோ வைப்பார்கள். முன்கூட்டியே பேசிவைத்த வடிவத்தை முதலில் நிரப்பியவர் “லொத்தேரியா!” என்றோ “புவெனாஸ்!” என்றோ கத்த வேண்டும். இத்தாலியில் பிறந்து ஸ்பெயின் வழியாக 18ஆம் நூற்றாண்டில் மெக்சிக்கோ வந்து சேர்ந்த ஆட்டம் இது. தம்போலாவுக்கும் பூர்விகம் இத்தாலிதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் சீட்டுச் சொல்பவர். மெக்சிக்கோவில் அவரைக் கந்தோர் என்பார்கள். கிரித்தோன் என்று சொல்பவர்களும் உண்டு. படத்தின் பெயரை மட்டும் வாசித்துக்கொண்டு போகிறவரை யாரும் நல்ல கந்தோர் என்று சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் வழிவழியாக வரும் ஒரு வரி இருக்கிறது. சூரியன் வந்தால் ஏழைகளின் போர்வை. நிலா வந்தால் காதலர்களின் விளக்கு. ஏணிக்கு, படிப்படியாக ஏறு, தாவிக் குதிக்காதே. இறாலுக்கு, தூங்கும் இறாலை நீரோட்டம் கொண்டுபோய்விடும். நொப்பால் என்ற சப்பாத்திக்கள்ளிக்கு, பழம் பழுத்தால்தான் அதைப் பார்க்க ஆள் வரும். இவற்றில் சில, ஆட்டத்துக்கு வெளியேயும் மெக்சிக்கோ மக்கள் அன்றாடம் சொல்லும் பழமொழிகள்.

குவாதலஹாராவில் எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி சீட்டைத் திருப்பியதும் காட்டிவிடமாட்டார். கட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் ஒரு முறை பார்ப்பார். “ஏழைகளின் போர்வை” என்பார். சின்னப் பேரன் அண்ணாந்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அக்கா சூரியன்மேல் பீன்ஸை வைத்துவிடுவாள். அதன் பிறகுதான் “எல் சோல்” என்று சீட்டு மேசையில் விழும். அந்த இரண்டு விநாடியில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. ஒரு பெட்டி அந்த இரண்டு விநாடிக்கு இடம் கொடுக்கிறதா இல்லையா என்பதே நான் முதலில் பார்ப்பது.

இரண்டாவது, எத்தனை பேர் ஆடுவார்கள் என்பது. ஆறு பேருக்கும் பதினைந்து பேருக்கும் ஒரே பெட்டி போதாது. மூன்றாவது, பெரியவர்களின் கண். படம் தபால்தலை அளவில் இருந்தால் தாத்தா இரண்டு ஆட்டத்தில் எழுந்துபோய்விடுவார். நான்காவது, படங்கள் என்ன சொல்கின்றன என்பது; சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிவிட முடியாது. கடைசியாக, எவ்வளவு காலம் உழைக்கும், தொலைந்த சீட்டுக்கு மாற்று கிடைக்குமா என்பது. பணம் இந்தப் பட்டியலில் இல்லாததற்குக் காரணம் உண்டு. இவற்றில் எதுவும் பெரிய விலையுள்ளது அல்ல. செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. அதை ஒவ்வொன்றிலும் சொல்கிறேன்.

## சேவல் பெட்டி: தொன் கிளெமெந்தே

லொத்தேரியா என்றால் பெரும்பாலோர் மனத்தில் வரும் படங்கள் இந்தப் பெட்டியினுடையவைதான். மெக்சிக்கோவில் தொழில் நடத்திய பிரெஞ்சுக்காரரான கிளெமெந்தே ஜாக்கஸ் 1887இல் இதை அச்சிட்டு விற்கத் தொடங்கினார். உணவுப் பொருள்களை டப்பாவில் அடைத்து விற்பதும் அவர் தொழில். அவர் பெயர் இன்றும் மெக்சிக்கோ மளிகைக் கடைகளில் மிளகாய் டப்பாக்கள்மேல் இருக்கிறது. 1913இல் மெக்சிக்கோவில் ஆட்டத்துக்குப் பதிப்புரிமை பதிவானது. இப்போது பசாத்தியெம்போஸ் காயோ என்ற நிறுவனம் வெளியிடுகிறது. காயோ என்றால் சேவல். முதல் சீட்டும் அதுவே.

வழக்கமான பெட்டியில் 54 சீட்டும் 10 அட்டையும் இருக்கும். பத்து அட்டையில் 160 கட்டங்கள். அதனால் ஒவ்வொரு படமும் சராசரியாக மூன்று அட்டைகளில் வரும். ஒரு சீட்டு விழுந்தால் மூன்று பேர் கை நீட்டுகிறார்கள், மற்றவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். ஆட்டத்தில் சலிப்பு வராததற்கு இந்த விகிதம் ஒரு காரணம்.

இதன் பெரிய பலம், மெக்சிக்கோ வீடுகளில் பெரியவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் வரிகள் எல்லாம் இந்தப் படங்களுக்கே உரியவை என்பது. உங்கள் வீட்டில் மெக்சிக்கோ மருமகளோ மருமகனோ இருந்தால், அவர்களுடைய அம்மாவோ பாட்டியோ வருகிறார்கள் என்றால், வேறு எதையும் யோசிக்காமல் இதை எடுங்கள். புதுப் படங்களைக் கையில் கொடுத்து அவரை வெறும் பெயர் வாசிக்க வைப்பது பெரிய இழப்பு.

ஸ்பானிஷ் தெரியாத தமிழ்ப் பாட்டி சொல்லப்போகிறார் என்றால்? அப்போதும் என் தேர்வு இதுதான். சொன்னால் பலர் நம்புவதில்லை. படங்களை ஒரு முறை பரப்பிப் பாருங்கள். 54ஆவது சீட்டு தவளை: தன் வாயால் கெடுபவன். 43 மணி: யானைக்கு முன்னே வருபவன். 24 கிளி: சொன்னதையே சொல்பவன். 19 கொக்கு: உறுமீனுக்காகக் காத்திருப்பவன். 30 இறால்: சுறாவைப் பிடிக்கப் போட்டது. 29 முரசு: இரண்டு பக்கமும் இடி வாங்குபவன். 44 மண்குடம்: நிறைந்தால் தளும்பாதது. 21 கை: ஐந்தும் ஒன்றாக இல்லாதது. 51 பனை: என் அடியில் நின்று பாலைக் குடித்தாலும் ஊர் நம்பாது. பழமொழிக் கையிருப்பு உள்ள எந்தத் தமிழ்ப் பாட்டிக்கும் இந்தக் கட்டு தெரிந்த முகங்களாகவே இருக்கும். குழந்தைகள் முதல் நாள் விழிப்பார்கள். இரண்டாம் நாள் பழமொழியின் பாதியிலேயே படத்தைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். அமெரிக்காவில் வளரும் பிள்ளைகளுக்குப் பழமொழி கற்றுத்தர இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. பழமொழி அமையாத சீட்டுகளுக்கு, பாட்டியே ஒரு வரி கட்டிக்கொள்ளலாம். குடைக்கு, “தான் நனைவான், நம்மை நனைய விடமாட்டான்” என்று சொன்னால் போதும்.

இனி, மறைந்திருக்கும் செலவு. சில படங்கள் அவை பிறந்த காலத்தின் பார்வையை அப்படியே சுமந்து நிற்கின்றன. 26ஆவது சீட்டான எல் நெக்ரித்தோ கறுப்பின மனிதர் ஒருவரையும், 38ஆவது சீட்டான எல் அப்பாச்சே பூர்வகுடி மனிதர் ஒருவரையும் ஒரு வகைமாதிரியாக்கிக் காட்டுகின்றன. 25ஆவது சீட்டு குடிகாரன். 14 மரணம், அரிவாளுடன் நிற்கும் எலும்புக்கூடு. மரணமும் மண்டையோடும் மெக்சிக்கோவில் பிள்ளைகளைப் பயமுறுத்துவதில்லை. இறந்தோர் நாளில் சர்க்கரை மண்டையோடு தின்று வளர்கிறவர்கள் அவர்கள். நம் பிள்ளைகள் ஒரு நாள் கேள்வி கேட்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். 26, 38 அப்படி அல்ல. அவற்றைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டும். பேச மனமில்லாத வீட்டில் அந்த இரண்டு சீட்டையும் எடுத்துவைத்துவிட்டு, அட்டைகளில் அந்தக் கட்டங்களுக்கு ஆட்டம் தொடங்கும்போதே விதை வைத்துவிடலாம். ஆட்டம் கெடாது.

அடுத்தது அட்டையின் தரம். மெல்லிய அட்டை, காபி சிந்தினால் அலையலையாக வளைந்துவிடும். லேமினேட் செய்தால் காலம் தாங்கும், ஆனால் பீன்ஸ் வழுக்கும், விளக்கு வெளிச்சம் பட்டுப் பளிச்சிட்டுப் படம் தெரியாமல் போகும். பளபளப்பில்லாத உறையாகக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, பத்து பேருக்கு மேல் வந்தால் இன்னொரு பெட்டி வேண்டும். அதே பெட்டியை இரண்டாவது முறை வாங்கினால் அதே பத்து அட்டைகள் வந்து சேரலாம்; இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், சண்டை வரும். கடையிலேயே திறந்து பார்த்து, வேறு அட்டைகள் உள்ளதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

## சந்தையில் கிடைக்கும் மலிவுப் பதிப்பு

மெக்சிக்கோவின் எந்த மெர்காதோவிலும், பள்ளிக்கூடத்துக்கு அருகே உள்ள எழுதுபொருள் கடையிலும், பிளாஸ்டிக் உறையில் தொங்கும் லொத்தேரியா கிடைக்கும். சேவல் இருக்கும், நிலா இருக்கும், ஆனால் வேறு கை வரைந்த சேவல், வேறு நிலா. சிலவற்றில் வரிசை எண்களும் மாறியிருக்கும்.

பத்து பெட்டி வாங்கிப் பள்ளி விழாவில் ஆடவோ, கடற்கரைக்கு எடுத்துப்போகவோ இதுவே சரி. நனைந்தால் கவலையில்லை. கைக்குழந்தை கடித்துப் பார்க்கும் வயதில் இருக்கும் வீட்டுக்கும் நல்லதைக் கொடுத்து வீணாக்க வேண்டியதில்லை.

ஆனால் அச்சைப் பாருங்கள். இந்த வகையில் நிறம் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் விளிம்பு கலங்கியிருப்பது சகஜம். பேரிக்காயும் குடமும் ஒன்றுபோலத் தெரிந்தால், கண் மங்கியவர்களுக்கு ஆட்டம் தொல்லையாகிவிடும். இன்னொன்று, அட்டையில் உள்ள எல்லாப் படங்களும் சீட்டுக்கட்டில் இருக்கின்றனவா என்று எண்ணிச் சரிபாருங்கள். ஒரு சீட்டு குறைந்தால், அந்தப் படம் உள்ள அட்டைக்காரர் முழு அட்டை ஆட்டத்தில் ஜெயிக்கவே முடியாது. அவருக்கு அது கடைசிவரை தெரியவும் தெரியாது.

தென்கிழக்கு மெக்சிக்கோவில் உள்ள கம்பேச்சே பக்கம் சுற்றுலா போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே ஆடும் லொத்தேரியா வேறு. 90 படங்கள், அட்டையில் 25 கட்டங்கள். அழகான ஆட்டம்தான், ஆனால் அந்த அட்டைகளை வீட்டில் இருக்கும் 54 சீட்டுக் கட்டோடு சேர்த்து ஆட முடியாது.

## புதுப் படங்கள் போட்டவை

பழைய படங்களை இன்றைய வாழ்க்கைக்கு மாற்றி வரைந்த பதிப்புகள் கடந்த சில ஆண்டுகளில் பெருகிவிட்டன. அவற்றில் பெயர் பெற்றது மைக் அல்ஃபாரோ உருவாக்கிய மில்லெனியல் லொத்தேரியா. பழைய சீமாட்டி அதில் பெண்ணியவாதியாகிவிட்டாள். கைத்தடியோடு நிற்கும் பழைய சிங்காரப் புருஷன் எல் கத்ரீன் இன்றைய ஹிப்ஸ்டர் ஆகிவிட்டான். இவற்றோடு, ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் பெயர் அச்சிட்ட சிறுவர் பதிப்புகளும், விலங்குகள் மட்டும், உணவுகள் மட்டும் என்று பாடம் சொல்லித்தரும் பதிப்புகளும் உண்டு.

அமெரிக்காவில் வளர்ந்த, இருபதும் முப்பதும் வயதான மெக்சிக்கோ நண்பர்களோடு ஆடுவதற்கு மில்லெனியல் வகை பொருத்தமானது. பழைய படம் தெரிந்தவருக்குத்தான் புதுப் படத்தின் குறும்பு புரியும் என்பதால், அவர்கள் ஒவ்வொரு சீட்டுக்கும் சிரிப்பார்கள். பழையதைப் பார்த்தே இராத நமக்கு அது ஏதோ ஒரு படம், அவ்வளவுதான். இதையே முதல் பெட்டியாக வாங்குவது அதனால் வீண். கிண்டல் காலத்தோடு சேர்ந்தது. இன்றைய செய்தியை வைத்து வரைந்த படம் பத்து ஆண்டு கழித்து விளக்கம் கேட்கும். சூரியனுக்கும் தேளுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு மொழிப் பெயர் போட்ட சிறுவர் பதிப்பு வேறு கதை. சொல்பவர் பத்து வயதுப் பிள்ளை என்றால், பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியிருந்தால், அதைத் தாராளமாக வாங்கலாம். படம் பெரிது, அட்டை தடித்தது, கேள்விக்குரிய படங்கள் இல்லை. சொல்பவருக்கும் தயக்கம் இருக்காது. பெயரைப் பார்த்து வாசித்துவிடலாம். ஆனால் அந்த இரண்டு விநாடிக் காத்திருப்பு இதில் தானாக வராது. பெயரைச் சொல்லும் முன் படத்தைப் பற்றி ஒரு குறிப்பு கொடுக்க வேண்டும் என்று பிள்ளையைப் பழக்கினால் வந்துவிடும்.

## வீட்டிலேயே செய்வது

குடும்பப் படங்களை வைத்து லொத்தேரியா செய்யும் வழக்கம் மெக்சிக்கோவிலும் இருக்கிறது. திருமணத்துக்கும் பிறந்தநாளுக்கும் அச்சிட்டுத் தருகிறவர்களும் உண்டு. தாத்தாவின் சைக்கிள், பழைய வீட்டுக் கிணறு, அத்தையின் சாம்பார் பாத்திரம் என்று 54 படங்களைச் சேர்த்துவிட்டால், அதற்கு வரி கட்டுவது வீட்டில் யாராலும் முடியும். கண் மங்கிய பெரியவர்களுக்கு வேண்டிய அளவில் பெரிதாக அச்சிடலாம்.

அட்டைகளைப் பிரிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நான் சொல்லும் வழி எளியது. 54 பெயர்களையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கலையுங்கள். முதல் 16 முதல் அட்டைக்கு, அடுத்த 16 இரண்டாவதுக்கு, அடுத்த 16 மூன்றாவதுக்கு. மிச்சம் ஆறு. அவற்றை நான்காவது அட்டையில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி கலைத்து, அந்த ஆறும் வராமல் பார்த்துக்கொண்டு மீதிப் பத்துக் கட்டங்களை நிரப்புங்கள். இப்படி மூன்று சுற்று கலைத்தால் 162 துண்டுகள் கிடைக்கும். பத்து அட்டைக்கு 160 போதும். எந்தப் படமும் ஓரிடத்தில் குவியாது. கண்போன போக்கில் படங்களை ஒட்டினால், ஒரே படம் ஏழு அட்டையில் ஏறிவிடும், இன்னொன்று எதிலும் இருக்காது.

ஒளிந்திருக்கும் செலவு இதில்தான் அதிகம். 54 நல்ல படங்கள் சேர்ப்பது நினைப்பதைவிடக் கடினம். முப்பதில் மூச்சு வாங்கும். தடித்த தாளில் வண்ண அச்சுக்குக் கடைப் பெட்டியைவிட அதிகம் ஆகலாம். மனிதர்களின் படங்களைப் போட்டால் மனவருத்தமும் வரக்கூடும். ஒரு பெரியப்பா இருக்கிறார், இன்னொருவர் இல்லை என்றால் அது ஆட்டத்தோடு போகாது. அதனால் மனிதர்களைக் குறைத்துப் பொருள்களையும் இடங்களையும் விலங்குகளையும் கூட்டுங்கள் என்பேன். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்காக மட்டும் என்றால் 27 சீட்டு, மூன்றுக்கு மூன்று அட்டை என்று பாதியாக வெட்டிவிடலாம். அவர்களுக்கு அதுவே நிறைவு.

எண்பது வயதுக்கு மேற்பட்டவர் ஒருவர், பழைய நினைவுகளைச் சொல்ல ஆசைப்படுகிறவர், வீட்டில் இருந்தால் இந்த உழைப்புக்கு ஈடு கிடைக்கும். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில், இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அது அலமாரியில் தங்கிவிடும்.

## போனில் ஆடுவது

2019 டிசம்பர் 9 அன்று கூகுள், 1913ஆம் ஆண்டுப் பதிவை நினைவுகூர்ந்து லொத்தேரியாவையே டூடுல் ஆட்டமாக, அதாவது தன் தேடல் பக்கத்தின் முகப்பில் ஆடக்கூடிய படமாக, வெளியிட்டது. மெக்சிக்கோ ஓவியர்களும் மெக்சிக்கோ வழி அமெரிக்க ஓவியர்களும் அதற்கு வரைந்தார்கள். அடுத்த ஆண்டு ஊரடங்கின்போது அதை மறுபடி முகப்பில் வைத்தார்கள்.

விதிகளைப் பழகிக்கொள்ளவும், வேறு ஊரில் இருக்கும் பிள்ளைகளோடு பத்து நிமிடம் ஆடவும் நல்லது. குடும்பத்தோடு உட்கார்ந்து ஆட இதைச் சொல்லமாட்டேன். சீட்டை இயந்திரம் திருப்புகிறது, சொல்பவர் இல்லை. ஊரில் இருக்கும் பாட்டியைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் வீடியோ அழைப்பு போதும். அட்டையைப் படமெடுத்து முன்கூட்டியே அனுப்பிவிட்டு, சீட்டுக்கட்டை அவரிடம் வைத்துவிட்டு, அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

## எந்த வடிவத்துக்கு ஆடுவது

பெட்டியைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமமான முடிவு இது. ஆறு பேர், ஆளுக்கு ஓர் அட்டை என்று வைத்து, எத்தனையாவது சீட்டுக்குள் யாராவது ஒருவர் ஜெயித்துவிட பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கணக்குப் போட்டால் இப்படி வருகிறது:

| வடிவம் | சுமார் எத்தனை சீட்டு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|
| நேராக, குறுக்காக, மூலைவிட்டமாக ஏதாவது ஒரு கோடு | 19 | சிறு பிள்ளைகள், முதல் முறை ஆடுபவர்கள் |
| அடுத்தடுத்த நான்கு கட்டங்கள் சேர்ந்த சதுரம் | 20 | கோடு சலித்த பிறகு |
| நான்கு மூலைகள் | 32 | கதை பேசிக்கொண்டே ஆடுபவர்கள் |
| முழு அட்டை | 48 | கடைசி ஆட்டம், பெரிய பரிசு |

நான்கு மூலையும் ஒரு கோடும் நான்கு கட்டங்கள்தான். ஆனால் கோடு போட பத்து வழி, மூலைக்கு ஒரே வழி. அதனால்தான் இவ்வளவு வித்தியாசம். முழு அட்டை ஆட்டத்தில் கட்டு ஏறத்தாழத் தீர்ந்துவிடும். சீட்டுக்கு எட்டு விநாடி என்று வரி சொல்லி ஆடினால் ஆறு நிமிடத்துக்கு மேல் போகும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது நீளம். பிள்ளைகள் இருக்கும்போது கோட்டில் தொடங்கி, அவர்கள் தூங்கப்போன பின் முழு அட்டைக்குப் போங்கள்.

சொன்ன சீட்டுகளைப் பரப்பி வைக்க வேண்டும் என்பதை முதலிலேயே விதியாக்கிவிடுங்கள். யாராவது கத்தினால் அவர் அட்டையை அந்தச் சீட்டுகளோடு ஒப்பிட்ட பிறகே பரிசு. கத்துவதற்குள் அடுத்த சீட்டு விழுந்துவிட்டால் வெற்றி செல்லாது என்ற விதி சில வீடுகளில் உண்டு. பெரியவர்களோடு ஆடும்போது அதை வைத்துக்கொள்ள வேண்டாம். காது மந்தமானவர்களுக்கு அது அநியாயம்.

## பந்தயம், விதை, பயணம்

மெக்சிக்கோ வீடுகளில் அட்டைக்கு ஒரு பேசோ, இரண்டு பேசோ என்று நடுவில் போட்டு ஆடுவது சாதாரணம், ஜெயித்தவர் அள்ளிக்கொள்வார். காசு வைத்து ஆடுவதில் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சம்மதமில்லை என்றால் அதை மதியுங்கள், மிட்டாயோ, பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுதலையோ வைத்து ஆடுங்கள். பரிசே இல்லாமல் ஆடினால் மட்டும் பத்து நிமிடத்தில் ஆட்டம் களையிழந்துவிடும்.

விதைக்குப் பட்டாணி வேண்டாம், உருண்டு ஓடும். மக்காச்சோள மணியும் தட்டையான மொச்சைக்கொட்டையும் அட்டையில் அப்படியே உட்காரும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் வில்லைகள் போதாமல் போகும். முழு அட்டைக்கு ஆளுக்கு 16 வேண்டும் என்றால் ஆறு பேருக்கே 96 ஆகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் விதை எதுவும் வேண்டாம். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும். சோடா பாட்டில் மூடியும் தொண்டையில் சிக்கலாம்; குழந்தையின் வாயில் அடங்காத பெரிய வில்லைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துப்போகிறவர்கள் சேவல் பெட்டியையே எடுத்துப்போகலாம். அட்டைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே வைத்துக் கட்டினால் வளையாது. பீன்ஸை இங்கிருந்து கொண்டுபோகாதீர்கள். விதைகளுக்கு விமான நிலையத்தில் கேள்வி வரும், ஊரில் மொச்சைக்கும் பஞ்சமில்லை. சீட்டுக்கட்டை மட்டும் இரண்டு நாள் முன்னதாகவே பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். எந்தப் படத்துக்கு எந்தப் பழமொழி என்று அவர் யோசித்து வைத்துக்கொள்ள நேரம் வேண்டும்.